கூண்டுக் காடையைக் காட்டில் விடலாமா?

பிரிட்டனில் பெசன்ட் என்ற கோழியினப் பறவையைப் பண்ணையில் வளர்த்து, வேட்டைக்கென்றே ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் திறந்து விடுகிறார்கள். தாய் இல்லாமல் வளர்ந்த அவற்றுக்கு இரை தேடவும் பகைக்குப் பதுங்கவும் சரியாகத் தெரியாது. துப்பாக்கிக்குத் தப்பியவற்றிலும் பல நரிக்கும் வாகனத்துக்கும் பலியாகின்றன. எனவே ஆண்டுதோறும் புதிதாக விட வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரியைக் கண்ணி வைத்துப் பிடிப்பதும் அதன் முட்டையை எடுப்பதும் குற்றமாகும்.

காங்கயம், தாராபுரம், வெள்ளக்கோவில் வட்டாரக் கொரங்காடுகளில் கவுதாரிக் குரல் குறைந்தால், பண்ணைக் காடையை வாங்கி விட்டு ஈடுசெய்ய முடியுமா? முடியாது. 1974இல் நம் நாட்டுக்கு வந்த ஜப்பானியக் காடை, அடை காக்கும் குணத்தை இழந்த இனம். அதன் முட்டையைப் பொரிக்கப் பொரிப்பான் இயந்திரத்தில் 17, 18 நாள் வைக்க வேண்டும். காட்டில் விட்டால் வம்சம் பெருகாது. நோயிருந்தால் காட்டுப் பறவைக்கும் தொற்றலாம். 5, 6 வாரத்தில் விற்பனைக்கு வரும் அதைக் கொட்டகையிலேயே வளர்ப்பதுதான் இலாபம்.

கவுதாரி பெருகச் செலவில்லாத வழிகள் உண்டு:

1. கிளுவை வேலியை அழித்துக் கம்பி வேலி போடாதீர்கள். கழிக்கும்போது அடித்தூரில் புதரை விட்டு வையுங்கள். கவுதாரி தரையில் புதரடியில்தான் முட்டையிடும்.

2. கொழுக்கட்டைப் புல்லை ஒட்ட மேய விடாமல், காட்டைப் பிரித்து மாற்றி மாற்றி மேயுங்கள். வேலியோரம் தீ வைக்காதீர்கள்.

3. மருந்து கலந்த விதையை மண் மூடாமல் விடாதீர்கள்.

கவுதாரி கறையானையும் பூச்சியையும் தின்று வெள்ளாமைக்கு உதவும். வேலியும் புல்லும் இருந்தால் அது தானே வரும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேய்ச்சலும் மிஞ்சும்.