மோட் போட்டதும் கேம் நின்றுபோனால்…

கேள்வி: யூரோ ட்ரக் சிமுலேற்றர் 2 கேமில் எங்கட லேலண்ட் பஸ்ஸை ஓட்ட ஆசைப்பட்டுச் சில மோட்கள் போட்டேன். இப்போது புரொஃபைலைத் திறந்ததும் கேம் நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?
– மாணவன், கரவெட்டி

பதில்: தம்பி, பெரும்பாலும் மோட்டின் பதிப்பு கேமின் பதிப்போடு பொருந்தாததுதான் காரணம். முதலில் சேமித்த ஆட்டங்களுக்கு நகல் எடுத்துவையுங்கள். பிறகு டொக்கியுமென்ற்ஸில் உள்ள கேமின் 'மோட்' ஃபோல்டரிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பாருங்கள். குழப்புவது எதுவென்று பிடிபடும். கேமின் லொக் கோப்பின் கடைசி வரிகளும் துப்புத் தரும். இரண்டு மோட்கள் ஒரே கோப்பை மாற்றினால், மோட் மனேஜர் பட்டியலில் மேலே இருப்பதுதான் செல்லுபடியாகும். மோட்களுக்கெனத் தனிப் புரொஃபைல் வைத்திருப்பது நல்லது.

இந்தக் கேமின் மோட்கள் பெரும்பாலும் '.எஸ்சிஎஸ்' அல்லது '.ஸிப்' கோப்புகளாகத்தான் வரும். பஸ் மோட் என்று சொல்லி '.எக்ஸ்இ' கோப்பு வந்தால் திறக்காமலே அழித்துவிடுங்கள். 2023 ஜூனில், பலரும் நம்பிய கர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலேயே மைன்கிராஃப்ற் மோட்களுக்குள் 'ஃப்ராக்சரைசர்' என்ற தீநிரல் புகுந்து கடவுச்சொற்களைத் திருடியது. புதிய பதிப்புக்கு மோட் இன்னும் வரவில்லையா? ஸ்டீமில் கேமின் 'பீற்றாஸ்' பகுதியில் பழைய பதிப்பைத் தெரிவுசெய்து விளையாடுங்கள்.