மூன்றாவது தேர்தல்

சின்னமனூர்

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. மேலவளவு முருகேசனைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "ஆறு மாதம்கூட முழுசாகத் தலைவராக இல்லை. அவர் என்னதான் செய்துவிட்டார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேலியாகக் கேட்கவில்லை என்பது அடுத்த வரியில் புரிந்தது.

மேலவளவு நமக்கு அந்நிய ஊர் இல்லை. தேனி தனி மாவட்டமாகும்வரை நாமும் மதுரைக்காரர்கள்தான். நம் வயலில் பாய்கிற முல்லைப் பெரியாறு வைகை அணையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, பெரியாறு பிரதானக் கால்வாயில் மேலவளவு இருக்கிற மேலூர்ப் பக்கம் போகிறது. நமக்கு இருபோகம், அவர்களுக்கு ஒருபோகம். தண்ணீர் ஒன்றுதான்.

1996-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. நாற்காலிச் சண்டை என்று நாம் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். ஊர்க்காரனுக்குத் தெரியும், தலைவர் பதவி என்றால் நாற்காலி மட்டும் இல்லை. கண்மாய் மீன் ஏலம், புளியமர மகசூல், எந்தத் தெருவுக்கு முதலில் குழாய், காசோலையில் யார் கையெழுத்து, எல்லாம் அதற்குள் அடக்கம். அதுவரை இதையெல்லாம் கையில் வைத்திருந்த ஆதிக்க சாதியினர் சிலரால் அதைப் பொறுக்க முடியவில்லை.

மனுப் போட்டவர்கள் மிரட்டலுக்குப் பயந்து வாபஸ் வாங்கினார்கள். வீடுகள் எரிந்தன. அக்டோபரில் தேர்தலே நடக்கவில்லை. அடுத்த முறை வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்றாவது முறை முருகேசன் ஜெயித்தார்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்: எரிந்த வீடுகளைப் பார்த்த பிறகும், பெட்டி போன பிறகும், மூன்றாவது முறை நின்றார்.

ஜெயித்தும் ஊராட்சி அலுவலகத்துக்குள் நிம்மதியாகப் போய் உட்கார விடவில்லை. 1997 ஜூன் 30 அன்று, எரிந்த வீடுகளுக்கு நிவாரணம் கேட்டு மதுரை கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். அவர் தலையைத் துண்டித்துக் கிணற்றில் போட்டார்கள். அதற்குமேல் எழுத எனக்கு மனசில்லை. அந்தப் பிற்பகலையே திரும்பத் திரும்ப எழுதி, அவர் மனு எழுதிக்கொண்டு அலைந்த நாட்களை மறந்துவிட்டோம்.

இன்னொன்றும் மறந்துபோகிறது. "முருகேசன் உட்பட ஆறு பேர் கொல்லப்பட்டார்கள்" என்று எழுதி முடித்துவிடுகிறோம். துணைத் தலைவர் மூக்கன், ராஜா, செல்லதுரை, சேவகமூர்த்தி, பூபதி. "உட்பட" என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போகிற ஆட்களா இவர்கள்?

வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றவர்கள் விடாமல் நடத்திய வழக்கில், 2001-ல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் 2008-லேயே மூவர் முன்கூட்டி விடுதலை. 2019 நவம்பரில் 13 பேர், எம்.ஜி.ஆர். நூற்றாண்டைச் சொல்லி. ஒரு தலைவரின் நூற்றாண்டுக்கும் இந்தக் கொலைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நீங்கள் மதுரைக்குப் போகும்போது உசிலம்பட்டி வழியாகத்தானே போவீர்கள்? அந்தப் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டியிலும் அதே 1996 ஒதுக்கீடுதான். அங்கே பெட்டியைத் தூக்க வேண்டிய தேவையே வரவில்லை. யாரும் மனுப் போடாமல் பார்த்துக்கொண்டார்கள். போட்டு ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. பத்து வருஷம் இப்படியே ஓடியது. 2006-ல் உதயசந்திரன் மதுரை கலெக்டராக இருந்தபோதுதான் முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் உட்கார்ந்தார்கள். 2021 அக்டோபர் 2-ல் பாப்பாபட்டி கிராம சபைக்கு முதல்வர் ஸ்டாலினே வந்தார். மேலவளவு நடந்திராவிட்டால் இந்த ஊர்களின் பெயர் கோட்டையில் யாருக்காவது தெரிந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

போன முறை உங்கள் ஊராட்சியும் ஒதுக்கீட்டில் வந்து ஓர் அக்கா தலைவராக இருந்தார் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவர் பேரை எழுதவில்லை. கிராம சபையில் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார்? தீர்மான நோட்டு யார் கையில் இருந்தது? நினைவிருந்தால் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், அவர் பேரோடு.

அன்புடன்,
உங்கள் அண்ணன்