கிளாஸ் கணக்கில் விற்க ஒரு காவா, இரண்டு வெள்ளை

பார்சிலோனா பக்கத்து உணவகம் ஒன்றில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்து ஓரளவு பழகியதும், மேலாளர் ஒருநாள் கூப்பிட்டுச் சொல்வார்: "கிளாஸ் கணக்கில் விற்க ஒரு நுரை ஒயினும் இரண்டு வெள்ளை ஒயினும் பார்த்து வை. உள்ளூர்ச் சரக்காக இருக்கட்டும். விலை கையைக் கடிக்கக் கூடாது." பொறுப்பு கூடப்போகிறது என்பதற்கு அடையாளம் இது. உடனே சப்ளையரின் பட்டியலைத் திறந்து ஆகக் குறைந்த விலையைத் தேடாதீர்கள். அதைவிட இரண்டு மூன்று யூரோ மேலே இருக்கும் பாட்டில்களில்தான் பார்சிலோனா இருக்கும் காத்தலோனியா தன் கைவரிசையைக் காட்டுகிறது. அந்தக் கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கே மேலாளர் அடுத்த முறையும் பட்டியலைக் கொடுப்பார்.

மேலாளர் கேட்கும் உள்ளூர் நுரை ஒயின் காவாதான்; அதில் அந்தக் கூடுதல் பணம் காலத்துக்குப் போகிறது. 1872இல் சான் சதுர்னி தனோயா ஊரில் கொடோர்னியூ குடும்பத்து ஜோசப் ரவென்டோஸ் தொடங்கிவைத்த முறை இன்றும் அதேதான்: சாம்பேனில் செய்வதுபோல, விற்கப்போகும் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க விடுவது. நொதித்து முடிந்த ஈஸ்ட் வண்டலாகப் படிகிறது. அந்த வண்டலோடு ஒயின் எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவுக்கு நுரை பொடிசாகும். சுட்ட ரொட்டி, பாதாம் வாசனை ஏறும். சாதாரண காவாவுக்கு இது குறைந்தது 9 மாதம். ரிசர்வா என்று போட்டிருந்தால் 18 மாதம், கிரான் ரிசர்வா என்றால் 30 மாதம்.

கிளாஸ் விற்பனைக்கு என் ஓட்டு ரிசர்வாவுக்குத்தான். 9 மாதச் சரக்கு, பழச்சாறு கலந்து பரிமாறுவதற்குப் போதும். கிரான் ரிசர்வாவை பாட்டிலாக விற்கலாம்; திறந்து வைத்து கிளாஸ் கிளாஸாக விற்க அவ்வளவு முதல் போட மனசு வராது.

அடுத்து சர்க்கரை. புரூட் நேச்சர் என்றால் கடைசியில் சர்க்கரை எதுவும் சேர்க்கவில்லை, லிட்டருக்கு 3 கிராமுக்குள்தான் இருக்கும். எக்ஸ்ட்ரா புரூட் 6 வரை, புரூட் 12 வரை. புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது: எக்ஸ்ட்ரா செக்கோ என்பது பெயரைப் பார்த்தால் துளிகூட இனிப்பில்லாததுபோல் இருக்கும், ஆனால் அது புரூட்டைவிட இனிப்பு, 12இலிருந்து 17 கிராம் வரை. மலிவுச் சரக்கின் குறையைச் சர்க்கரையைப் போட்டு மூடிவிடலாம். புரூட் நேச்சரில் மூடி மறைக்க எதுவும் கிடையாது. ஆகவே, ஒரு தயாரிப்பாளரை எடைபோட வேண்டுமானால் முதலில் அவருடைய புரூட் நேச்சர் ரிசர்வாவைக் கேளுங்கள்.

கணக்குக்கு வருவோம். பாட்டில் 750 மில்லி, கிளாஸுக்கு 125 மில்லி ஊற்றினால் ஆறு வரும். ஐந்து என்றே கணக்கு வையுங்கள். கடைசிக் கிளாஸ் பெரும்பாலும் நுரை செத்துப்போய்க் கழுவுதொட்டிக்குத்தான் போகும். கொள்முதல் விலை 7 யூரோ என்றால் கிளாஸுக்கு அடக்கம் 1.40. அதை 4.50க்கு விற்றால் அடக்கம் விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்கிறது. இந்த நாலு வரியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மேலாளரிடம் போங்கள். வாசனையைப் பற்றி நீங்கள் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அவர் பார்ப்பது இந்தத் தாளைத்தான்.

கோர்ப்பினாட் என்ற பெயரும் கண்ணில் படும். 2019இல் காவா அமைப்பைவிட்டு வெளியேறிய ஒன்பது தயாரிப்பாளர்கள் முன்னெடுத்த கூட்டு முத்திரை கோர்ப்பினாட்: இயற்கை விவசாயம், கையால் அறுவடை, வண்டலோடு குறைந்தது 18 மாதம். நல்ல சரக்கு, விலையும் அதற்கேற்ப. விருந்தினர் கேட்டால் விளக்கத் தெரிந்திருந்தால் போதும்.

வெள்ளையில் என் முதல் தேர்வு ஷரேல்லோ. காவாவுக்குப் போகும் மூன்று உள்ளூர்த் திராட்சைகளில் முதுகெலும்பு இதுதான். மற்ற இரண்டும், மக்கபேவுவும் பரெல்யாடாவும், மென்மையானவை. தனியாகப் போட்டாலும் ஷரேல்லோ நிற்கும்: நல்ல புளிப்பு, பெருஞ்சீரகச் சாயல், முடிவில் லேசான கசப்பு. நெத்திலி, பொரித்த கணவாய், தக்காளி தேய்த்த ரொட்டி எதற்கும் பொருந்தும். பார்சிலோனாவுக்கு வடக்கே, கடலோர அலேல்யாவில் இதே திராட்சையைப் பன்சா பிளாங்கா என்பார்கள். பெயரை மட்டும் பார்த்து இரண்டையும் வாங்கிப் பட்டியலில் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது வேறு சுபாவமாக இருக்க வேண்டும். அதற்குத் தெற்கே தெர்ரா அல்தாவின் கர்நாச்சா பிளாங்கா. உடம்புள்ள ஒயின், ஆல்கஹால் 13, 14 சதவீதம்கூட வரும், சுட்ட கோழிக்கும் கருவாட்டு காட் மீனுக்கும் ஈடுகொடுக்கும். அங்கே கூட்டுறவுச் சங்கங்களின் ஒயினைத் தேடிப் பாருங்கள். கந்தேசாவிலும் பினெல் தெ பிராயிலும் செசார் மார்ட்டினெல் என்ற கட்டடக் கலைஞர் விவசாயிகளின் கூட்டுறவுக்காக எழுப்பிய கூடங்களை 'ஒயின் பேராலயங்கள்' என்றே ஊர் சொல்கிறது. பெரிய பெயர்களுக்கு ஆகும் விளம்பரச் செலவு இந்தச் சங்கங்களுக்கு இல்லை, அது விலையில் தெரியும்.

தள்ளுபடி என்று வந்தால் லேபிளில் ஆண்டைப் பாருங்கள். மரப்பீப்பாய் காணாத மலிவு வெள்ளை ஒயின் இளசாக இருக்கும்போதே தீர்ந்துவிட வேண்டும். மூன்று வருடம் பழையதைப் பாதி விலைக்குத் தருகிறார்கள் என்றால் அவர்கள் கிடங்கைக் காலி செய்கிறார்கள். காவாவில் வண்டல் நீக்கிய தேதியைக் கேளுங்கள். அதற்குப் பிறகு கடையில் கிடந்த மாதங்கள் சாதாரணச் சரக்குக்கு நன்மை செய்வதில்லை. நிறமில்லாத கண்ணாடி பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் அடுக்கி வைத்தால் வாசனையே கெட்டுவிடும்.

ருசி பார்க்க நான்கைந்து பாட்டில்களைத் துணியால் சுற்றி, எண் போட்டு, சமையலறை ஆட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ருசித்துத் துப்புவதுதான் தொழில்முறை. குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இந்தத் துறையில் தயங்க வேண்டியதில்லை, சாயங்காலம் தலை தெளிவாக இருப்பது அவர்களுக்குத்தான் சாதகம். டபிள்யூஎஸ்இடி ஒயின் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இன்னொரு லாபம்: சாம்பேனைப் பல முறை வாங்கிப் பழகக் கட்டுப்படியாகாது, ஆனால் அதே முறையின் வண்டல், வயது, சர்க்கரை வித்தியாசங்கள் எல்லாவற்றையும் மூன்று காவா பாட்டிலில் நாக்குக்குப் பழக்கிவிடலாம்.

மேசையில் திறக்கும்போது கார்க்கின் மேலிருந்து கட்டைவிரலை எடுக்காதீர்கள், உள்ளே சுமார் 6 மடங்கு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்புங்கள். "சாம்பேன் மாதிரியே இருக்கும்" என்று சொல்லி விற்காதீர்கள். எத்தனை மாதம் வண்டலோடு கிடந்தது என்று சொன்னாலே போதும், கேட்பவர் வாங்குவார்.

2021-24 காலத்து வறட்சி, காவாத் திராட்சை விளையும் பெனெடெஸ் வயல்களின் விளைச்சலை நன்றாகக் குறைத்தது. அப்படிப்பட்ட வருடங்களில் சிறிய தயாரிப்பாளரிடம் சரக்கு பாதியில் தீர்ந்துபோகலாம், விலையும் ஏறலாம். எனவே மெனுவை அச்சுக்கு அனுப்பும் முன், சீசன் முடியும்வரை எத்தனை பெட்டி, என்ன விலைக்கு ஒதுக்கித் தருவார்கள் என்பதைச் சப்ளையரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.