ஒன்பதும் தொண்ணூறும்

என் பேரன் ஹிந்தியில் நூறு வரை மடமடவென்று எண்ணுவான். தமிழில் எண்பத்தொன்பது வரை வந்தவன், அடுத்து "ஒன்பதுபது" என்றான். திருத்தினேன். "எட்டுக்கு எண்பது, ஒன்பதுக்கு மட்டும் ஏன் தாத்தா தொண்ணூறு? நூறே இன்னும் வரலையே!" என்று கேட்டான். ரயில்வேயில் தண்டவாளம் அளந்தே காலம் கழித்த எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததை நம் சங்கத்துக் குழந்தைகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் வரிசையைப் பாருங்கள்:

ஏழு – எழுபது – எழுநூறு
எட்டு – எண்பது – எண்ணூறு
ஒன்பது – தொண்ணூறு – தொள்ளாயிரம்

மூன்றாம் வரிசையில் 9க்குள் 'பது' (பத்து), 90க்குள் 'நூறு', 900க்குள் 'ஆயிரம்' இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அடுத்த பெரிய எண்ணின் பெயர்! ஒன்பது என்றால் 'ஒன்று குறைந்த பத்து' என்பது அறிஞர் சிலரின் விளக்கம். இது நமக்குப் புதிதல்ல. ஹிந்தியில் 30 தீஸ், 29 உன்தீஸ். 60 சாட், 59 உன்சட். 'ஊன' என்றால் குறைந்த என்று பொருள்.

அப்படியானால் 'தொண்', 'தொள்' எங்கிருந்து வந்தன? பழந்தமிழில் 9க்குத் 'தொண்டு' என்றே ஒரு சொல் இருந்தது. (சேவையைக் குறிக்கும் தொண்டு வேறு.) தொல்காப்பியச் செய்யுளியலிலும் பரிபாடலிலும் அதைக் காணலாம். தெலுங்கில் 9 'தொம்மிதி'. கன்னடத்தில் 9 'ஒம்பத்து', 90 'தொம்பத்து'. அந்தத் தகரம் அங்கும் நிற்கிறது.

தேவநேயப் பாவாணர் வேறு விதமாகச் சொன்னார். தொண்டு 9, தொண்பது 90, தொண்ணூறு 900, தொள்ளாயிரம் 9000 என்றிருந்ததாம். தொண்டு வழக்கொழிந்ததும் மற்றவை ஒவ்வொரு படி கீழே இறங்கினவாம். ஆனால் ஒன்பதும் பத்தும் சேர்ந்தால் தொண்ணூறு, ஒன்பதும் நூறும் சேர்ந்தால் தொள்ளாயிரம் என்று தொல்காப்பியமே விதி கூறுகிறது. ஆகவே மாற்றம் நடந்திருந்தால், அதற்கும் முன்னரே நடந்திருக்க வேண்டும்.

எந்த விளக்கத்தை ஏற்றாலும் ஒன்று உறுதி. தொண்டு என்ற சொல்லை எவரும் தடை செய்யவில்லை. எண்ணுவோர் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளிடம் மற்ற எண்களுக்கும் அந்தக் கதி வரலாம். காய்கறிக் கணக்கையும் பால் கணக்கையுமாவது வீட்டில் தமிழில் சொல்வோம்.

குழந்தைகளே, 999ஐத் தடுமாறாமல் சொல்லுங்கள் பார்க்கலாம்: தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. என் பேரன் இப்போது ஒரே மூச்சில் சொல்கிறான்!