ஒளியிழை நெய்த ஆடை

மானம் காப்பதும் வெயில் குளிர் தடுப்பதுமே ஆடையின் தொழிலென நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். இப்பொழுதோ, உடுத்தவருடைய மூச்சை எண்ணும் ஆடையும் நெய்யப்படுகின்றது. அதன் இயல்பை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அவ்வாடையிற் கலந்து நெய்யப்படும் ஒளியிழை கண்ணாடியாலேனும் பிளாஸ்டிக்காலேனும் ஆயது. கண்ணாடியிழையின் பருமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் எட்டிலொரு பங்கே. அதன் உள்ளகத்தைச் சூழ, ஒளிவிலகல் எண் சற்றுக் குறைந்த உறை ஒன்று உண்டு. ஆதலின் உட்புகுந்த ஒளி அவ்வுறையில் முழுதும் எதிரொளிக்கப்பட்டு மறுமுனை சேர்கின்றது. இழையை மிக வளைத்தாலோ ஒளி சிறிது கசியும். தொலைபேசித் தொழிலுக்குக் குற்றமாகிய இக்கசிவே ஈண்டுக் குணமாயிற்று. மார்பைச் சுற்றிய இழை, மூச்சை வாங்குங்கால் ஒருவாறும் விடுங்கால் மற்றொருவாறும் வளைதலின், மறுமுனையில் ஒளி ஏறியும் இறங்கியும் வரும். அவ்வேற்ற இறக்கத்தை எண்ணின் மூச்சை எண்ணியவாறாம்.

அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற சுந்தரேசன் ஜெயராமனும் சங்மீ பார்க்கும் 1996ஆம் ஆண்டளவில் இயற்றத் தொடங்கிய சட்டை பெயர்பெற்றது. ஆயின் அதில் ஒளியிழைக்கு வாய்த்த பணி, படைவீரர் உடலிற் குண்டு துளைத்ததை அறிவித்தலே. இதயத்துடிப்பின் செய்தியை மின்கடத்தும் இழைகளே சுமந்தன. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

அங்ஙனமாயின், மின்கம்பி இருக்கக் கண்ணாடி எதற்கு என்று நாம் வினவலாம். எம்.ஆர்.ஐ. அறையை நினைக. ஆண்டு வலிய காந்தப்புலமும் வானொலியலைகளும் உள. உடலைத் தொட்ட உலோகக் கம்பி அவ்வலைகளாற் சூடேறித் தோலைச் சுடவுங்கூடும், படமும் பழுதாகும். அசையாதிருக்கும்பொருட்டு மயக்கமருந்து பெற்ற ஒரு குழந்தையை எண்ணுவோம். அதன் மூச்சுத் தளருமாயின், குகைபோன்ற அப்பொறிக்கு வெளியே நிற்போர் கண்ணாற் காண்டல் அரிது. கண்ணாடியிழையோ மின்சாரத்தைக் கடத்தாது. விளக்கும் அளவுகருவியும் வெளியே இருக்க, இழைமட்டும் உட்சென்று மூச்சை உணர்த்தும். இந்நோக்குடன் ஓஃப்செத் என்னும் ஆராய்ச்சி ஐரோப்பாவில் 2006இல் தொடங்கிற்று.

இடர்களும் இல்லாமலில்லை. சலவையில் கண்ணாடியிழை முறியலாம். ஆடை தளர்ந்திருப்பின் அளவு பிழைபடும். இறுக்கினாலோ, மூச்சுக்கு அல்லற்படுவோர்க்கு அதுவே சுமையாம். மீள்தன்மையுள்ள நூலோடு ஒளியிழையைப் பின்னி, இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பதத்தை நெசவுத்துறையினர் தேடுகின்றனர்.