கைத்தறித் துணி: பேரம் எங்கே விழுகிறது?



வல்லக்கோட்டை வழியே தினமும் ஒரகடம் தொழிற்சாலை பஸ்கள் போகின்றன. காஞ்சிபுரம் வட்டார நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் தறியை விட்டு அந்த வேலைக்குப் போகிறார்கள். காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நமக்கும் அதில் பங்கு உண்டு.

நூல், சரிகை, சாயம் மூன்றுக்கும் மார்க்கெட் விலை. அதில் நெசவாளர் ஒரு காசும் குறைக்க முடியாது. மீதி இருப்பது கூலி. ஆகவே நாம் கேட்கும் தள்ளுபடி கூலியில்தான் விழும். எண்ணெய் டின்னுக்குக் கம்பெனி விலை குறையாதபோது, வாடிக்கையாளர் கேட்கும் குறைப்பு நம் லாபத்தில் விழுவதைப் போலத்தான் இதுவும்.

காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைக்கிறார்கள். தறியில் துணைக்கு இன்னொரு ஆள் வேண்டும். தார் சுற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் முதியோரும். அந்த உழைப்பும் அதே கூலிக்குள் அடங்குகிறது.

நாம் செய்யக்கூடியவை:

1. சரக்கு வந்தவுடன் பணம் கொடுங்கள். இழுத்தடித்தால் அடுத்த பாவுக்கு அவர் வட்டிக்கு வாங்க வேண்டும்.

2. தீபாவளி, பொங்கல் ஆர்டரை முன்கூட்டியே கொடுங்கள். கடைசி நேர அவசரம் தரத்தைக் கெடுக்கும்.

3. மளிகைக் கடையிலும் கைத்தறித் துண்டு, லுங்கி வைத்து விற்கலாம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் வாங்குங்கள்.

4. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்காதீர்கள். 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறிப்பிட்ட 11 வகைத் துணிகள் கைத்தறிக்கே உரியவை. 2006 முதல் உள்ள கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

நியாய விலை கொடுத்து வாங்கினால்தான் நாளை விற்க நமக்குச் சரக்கு இருக்கும்.