தற்காப்புக் கலைத் திரைப்படங்களில் பல்லிய இசை: டான் டுன்னின் இசையமைப்பை முன்வைத்து

முன்னுரை

வாட்போர்த் திரைப்படங்களின் பின்னணியிசை, காட்சிக்கு விறுவிறுப்பூட்டும் துணைக்கூறாகவே பெரும்பாலும் மதிப்பிடப்படுகிறது. ஆங் லீ இயக்கத்தில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘கிரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ என்னும் சீனமொழித் திரைப்படம் இம்மதிப்பீட்டை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது. இதன் இசைக்காக டான் டுன் 2001இல் ஆஸ்கர் விருது பெற்றார். ஷாங்காய் சிம்பொனி இசைக்குழு பங்கேற்ற இவ்விசையில் யோ-யோ மாவின் செல்லோ தனித்து ஒலிக்கிறது. மேலைப் பல்லியத்தின் தோற்றம் கொண்ட இவ்விசையின் உள்ளமைப்பு, சீன நாடகமேடை மரபோடு பொருந்துவதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மேடை மரபு

பீக்கிங் இசைநாடகத்தின் கருவியிசை ‘வென்சாங்’, ‘வூசாங்’ என இரு பிரிவுகளை உடையது. முன்னதில் நரம்புக்கருவிகளும் துளைக்கருவிகளும் பாடலுக்குத் துணையாகின்றன. பின்னதில் தோற்கருவிகளும் கஞ்சக்கருவிகளும் நடிகரின் அசைவையும் போரையும் வழிநடத்துகின்றன. டான் டுன் இளமையில் ஹூனான் மாகாணத்தில் இத்தகைய நாடகக் குழுவொன்றில் பணியாற்றியவர். இப்பகுப்பு அவருக்குப் பட்டறிவாக வாய்த்தது.

திரையில் மரபின் செயற்பாடு

வாள் களவுபோகும் இரவில், முகமூடியணிந்த கள்வரை யூ ஷூ லியன் துரத்திப் பொருதும் காட்சியை முரசொலி ஆள்கிறது. எதிரி யாரென வெளிப்படாத அந்நிலையில் உடலசைவு மட்டுமே பொருள் தருகிறது. தாளம் அதனைப் பின்தொடர்கிறது.

செல்லோவின் இசை லி மு பாய், ஷூ லியன் ஆகியோரின் காதலுக்கு உரியதாகிறது. ஷூ லியனை மணக்கவிருந்தவர் லி மு பாயின் உடன்பிறவாச் சகோதரர். இறந்துபட்ட அவர்தம் நினைவைப் போற்றி இருவரும் காதலை அடக்குகின்றனர். அவர்கள் சொல்லாது விட்டதை நரம்புக்கருவி ஒலிக்கிறது.

மரபு மீறல்

லி மு பாயும் ஜென்னும் மூங்கில் நுனிகளில் பொருதும் காட்சியில் இவ்வொழுங்கு மாறுகிறது. போர் நிகழ்ந்தும் முரசின் விரைவு தணிந்து, நெடிய மெல்லிசை மேலோங்குகிறது. லி மு பாய் ஜென்னை மாணவியாக ஏற்கவே விழைகிறார். கொல்லும் நோக்கம் அவருக்கில்லை. ஆதலின் இப்போர் உரையாடலின் தன்மையைப் பெறுகிறது. உள்ளத்திற்குரிய இசை போர்க்களத்துள் புகுவது இம்மாற்றத்தை உணர்த்துகிறது.

முடிவுரை

போர்க்காட்சியில் எக்கருவி ஒலிக்கிறது என்பதோடு, எக்கருவி அடங்குகிறது என்பதும் ஆய்வுக்குரியது. மேடை மரபை அறியாதவிடத்து இவ்விசை மேலைப் பாணியின் தழுவலாக மட்டுமே தோன்றும். அம்மரபை அறிந்து கேட்பின், பாத்திரங்களின் உளநிலையை உணர்த்தும் கதைகூறல் முறையாக அது விளங்கும்.